தோற்ற மீன் எங்கே போகும்?

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் இருக்கும் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நின்றால் போதும், ஒரே கேள்வி பல குரல்களில் காதில் விழும்: "அண்ணா, இது ரெண்டும் ஒண்ணா சேருமா?" கேட்பவர் கையில் காற்றடைத்துக் கட்டிய பையில் ஏற்கெனவே ஒரு மீன் இருக்கும், விரல் வேறொரு தொட்டியைக் காட்டும். "சேரும்", "சேராது", "சின்னதுல இருந்தே போட்டா சேரும்" என்ற மூன்றில் ஒன்று பதிலாக வரும். மூன்றுக்கும் சாட்சி சொல்ல ஆட்கள் உண்டு. ஒருவர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வாழ்ந்த அதே இரண்டு இனங்கள், இன்னொருவர் வீட்டில் இரண்டாம் நாள் காலையில் ஒன்றாகக் குறைந்திருக்கும்.

கப்பி, டெட்ரா, டேனியோ போலக் கூட்டமாகத் திரியும் மீன்களுக்கு இந்தக் கேள்வி பெரிதில்லை. தொட்டியின் ஒரு பகுதியைத் தன் பேட்டையாக வளைத்துக்கொண்டு, உள்ளே வருபவரைத் துரத்தும் மீன்களிடம்தான் சிக்கல். அப்படிப்பட்ட இரண்டு இனங்களை ஒரே கண்ணாடிச் சுவர்களுக்குள் வைக்க முடியுமா என்பதை மீன் வளர்ப்பவர்களும் விலங்கு நடத்தை ஆய்வாளர்களும் தனித்தனியே பல பத்தாண்டுகளாக விசாரித்து வருகிறார்கள். இரு தரப்பு அனுபவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, மீனின் "குணம்" மீது நாம் போடும் பழியில் பெரும்பகுதி தொட்டியைச் சேர வேண்டியது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆற்றிலும் ஏரியிலும் இதே மீன்கள் இதே சண்டையைத்தான் போடுகின்றன. அங்கே தோற்ற மீன் சில அடி தள்ளிப் போய்விடுகிறது, சண்டை முடிந்துவிடுகிறது. தொட்டியில் அந்தச் சில அடி கிடையாது.

இடம்தான் வீரம்

இதை மிக எளிதாகக் காட்டிய சோதனை விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கனுடையது. ஸ்டிக்கிள்பேக் என்ற சிறிய ஐரோப்பிய மீனில், வசந்த காலம் வந்ததும் ஆணின் வயிறு சிவக்கும். அது தரையில் ஓரிடத்தைப் பிடித்துக் கூடு கட்டும். ஒரே தொட்டியில் இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்ட பிறகு, டின்பெர்கன் இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்தார். இரு குழாய்களையும் முதல் மீனின் பாதிக்குக் கொண்டுபோனால், முதல் மீன் கண்ணாடியை முட்டித் தாக்கப் பார்க்கும். மற்றது மறுபக்கம் திரும்பித் தப்பப் பார்க்கும். அதே குழாய்களை இரண்டாவது மீனின் பாதிக்கு நகர்த்தினால் நிலைமை அப்படியே தலைகீழாகும். மீன்கள் மாறவில்லை, உடல் பருமன் மாறவில்லை. நிற்கும் இடம் மாறியது, அவ்வளவுதான்.

முதலில் குடியேறியவருக்கே சாதகம் என்ற இந்த விதி பறவை, பூச்சி, மீன் எனப் பல உயிர்களில் காணப்படுகிறது. சமபலம் உள்ள இரண்டு உயிர்களுக்கு இடையே "இருப்பவன் காப்பான், வந்தவன் விலகுவான்" என்ற வழக்கம் பரிணாமத்தில் எப்படி நிலைக்கும் என்பதை ஜான் மேனார்ட் ஸ்மித் 1970-களில் விளையாட்டுக் கோட்பாட்டின் வழியே விளக்கினார். மீன் வளர்ப்பவருக்கு இதிலிருந்து நேரடியாக ஒரு பாடம் கிடைக்கிறது. தொட்டியில் ஆறு மாதமாகத் தனியாக இருந்த மீனுக்கு அந்தத் தொட்டி முழுவதும் சொந்தம். அங்கே இரண்டாவது எல்லைக்கார மீனைப் போடுவது, வந்தவருக்கு ஓர் அங்குலம்கூட மிச்சம் வைக்காமல் போடுவதாகும். இரண்டையும் ஒரே நாளில் விடுவது நல்லது. முடியாவிட்டால் பழைய மீனை ஒரு வாளிக்கு மாற்றி, கற்களையும் கட்டைகளையும் செடிகளையும் இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்த பிறகு இரண்டையும் சேர்த்து விடலாம். பழைய மீனின் எல்லைக்கற்கள் எல்லாம் அழிந்துபோகும். இருவரும் புதிதாக அளக்க வேண்டியிருக்கும். கடைகளில் சொல்லப்படும் யோசனைகளில் ஆய்வுக்கு முழுமையாக ஒத்துவருவது இதுதான்.

தோல்விக்கும் ஒரு நினைவு உண்டு. ஒரு சண்டையில் தோற்ற மீன் அடுத்த சண்டையிலும், வேறொரு எதிரியிடம்கூட, தோற்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆப்பிரிக்காவின் டாங்கன்யிகா ஏரியில் வாழும் அஸ்டாடோடிலாப்பியா பர்டோனி என்ற, சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த மீனை ரஸ்ஸல் ஃபெர்னால்டின் ஆய்வுக்குழு நீண்ட காலம் கவனித்தது. எல்லையை இழந்த ஆணின் பளிச்சென்ற நிறமும் முகத்திலுள்ள கறுப்புக் கோடும் நிமிடங்களில் மங்கிவிடுகின்றன. அந்த நிலை நீடித்தால் மூளையிலிருந்து இனப்பெருக்க உறுப்புகள் வரை உடல் சுருங்கிக்கொள்கிறது. இதே குழு 2007-இல் இன்னொன்றையும் காட்டியது. பிற ஆண்கள் சண்டையிடுவதை ஓரமாக நின்று பார்த்த மீன், தான் ஒருபோதும் மோதாத இருவரில் யார் பலவீனமானவர் என்பதை ஊகித்துக்கொள்கிறது. நம் ஃபைட்டர் மீனும் அப்படித்தான்: பிறர் சண்டையைப் பார்த்த ஆண், ஜெயித்தவனை அணுகத் தயங்குகிறது என்று 1998-இலேயே ஒலிவேராவும் சகாக்களும் கண்டார்கள். ஆக, ஒரு மூலையில் நடக்கும் இருவர் தகராறு அந்த இருவரோடு நிற்பதில்லை. ஒருமுறை அடி வாங்கிய மீனைத் தொட்டியில் எல்லோரும் அறிவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரன் தேவைப்படும் மீன்

கான்ராட் லோரன்ஸ் 1963-இல் எழுதிய ஆக்கிரமிப்பு பற்றிய நூலில் சிக்லிட் ஜோடிகளுக்குப் பெரிய இடம் உண்டு. எல்லை காக்கும் ஆணைத் தன் துணையோடு மட்டும் தனியாக வைத்தால், துரத்த வேறு யாரும் இல்லாமல் அது துணையையே கொல்லும் அளவுக்குப் போகிறது என்று அவர் எழுதினார். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து மறுபக்கம் இன்னொரு ஜோடியை விட்டால், இரண்டு ஆண்களும் தடுப்பின் வழியே ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டு குடும்பத்தை நிம்மதியாக விடும். தடுப்பில் பாசி படிந்து மறுபக்கம் தெரியாமல் போனதும் துணைக்கு அடி விழத் தொடங்கும். பாசியைத் துடைத்தால் அமைதி திரும்பும்.

வெறி உள்ளே ஊறிப் பெருகி வடிகால் தேடுகிறது என்ற லோரன்ஸின் விளக்கத்தை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் அவர் கண்ட காட்சி பொய்யில்லை. ஆன் ராசா 1969-இல் வெளியிட்ட ஆய்வு, தனிமைப்படுத்தப்பட்ட ஜோடிகளின் இனப்பெருக்கம் எப்படிப் பாதிக்கப்படுகிறது என்பதையே எடுத்துக்கொண்டது. அதற்கு அவர் தேர்ந்த மீன் நம்முடையது: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஆரஞ்சு குரோமைடு, மலையாளத்தில் பள்ளத்தி. ஜோடியை வேறு யாரும் இல்லாமல் வைத்தால் துணைமேல் விழும் தாக்குதல் கூடி, குடும்பம் கெடுகிறது என்பது அதன் சாரம்.

இதன் மறுபுறம்தான் "அன்பான எதிரி" என்று ஜேம்ஸ் ஃபிஷர் 1954-இல் பறவைகளைப் பற்றிப் பேசும்போது பெயர் வைத்த நிகழ்வு. எல்லை ஒருமுறை நிலைபெற்றுவிட்டால், பழகிய அண்டைவாசியிடம் காட்டும் மூர்க்கம் குறைகிறது. முன்பின் தெரியாதவன் வந்தால்தான் முழுவேகமும் வெளிப்படுகிறது. கன்விக்ட் சிக்லிட்களிலும் இது காணப்பட்டிருக்கிறது. "சின்னதுல இருந்தே போட்டா சேரும்" என்ற கடைப்பேச்சில் உள்ள உண்மை இவ்வளவுதான்: பழக்கம் மூர்க்கத்தைக் குறைக்கும். அதன் வரம்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு அங்குல ஆஸ்கார் குஞ்சுகள் கூட்டமாக நீந்துவதைப் பார்த்து வாங்கிப்போகிறவர், அவை ஓர் அடி வளரும் என்பதையும், பருவம் வந்து ஜோடி சேர்ந்த நாளில் பழைய தோழமை எதற்கும் கணக்கில் வராது என்பதையும் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

எதிரி என்று யாரை நினைக்கிறது?

இரண்டு இனங்கள் மோதுமா என்பதைத் தீர்மானிப்பதில் ஒப்புமைக்குப் பெரிய பங்கு. விக்டோரியா ஏரியின் பாறைத் தீவுகளில் நீல ஆண்கள் கொண்ட சிக்லிட் இனமும் சிவப்பு ஆண்கள் கொண்ட சிக்லிட் இனமும் அருகருகே வாழ்கின்றன. ஒலே சீஹவுசனும் டால்ஃப் ஷ்லூட்டரும் 2004-இல் எழுதியபடி, ஆண் மீன் தன் நிறத்தை ஒத்தவனைத்தான் முதல் எதிரியாகப் பார்க்கிறது. பக்கத்து எல்லையில் வேற்று நிறத்தவன் இருப்பதை அது பொறுத்துக்கொள்கிறது. நிறம், உடல் வடிவம், நீந்தும் மட்டம், உண்ணும் உணவு, முட்டையிடும் இடம் ஆகியவை எவ்வளவுக்கு ஒத்திருக்கின்றனவோ, அவ்வளவுக்கு மோதல். சிவப்பு வால் சுறா என்று விற்கப்படும், தாய்லாந்தைச் சேர்ந்த கெண்டை வகை மீனையும், அதன் நெருங்கிய உறவான ரெயின்போ ஷார்க் மீனையும் ஒரு தொட்டியில் வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. இரண்டும் தரையில் மேய்பவை, இரண்டும் ஒரே உருவம், இரண்டுக்கும் ஒரே குகை வேண்டும்.

நம்மூரில் அதிகம் முயலப்படும் தவறான ஜோடி ஃபைட்டரும் குள்ள கௌராமியும். கௌராமி கங்கை, பிரம்மபுத்திரா பகுதிகளின் மீன். ஃபைட்டர் தாய்லாந்தின் சதுப்புகளிலும் நெல்வயல்களிலும் வாழ்ந்தது. அந்நாடு 2019-இல் அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இரண்டு வெவ்வேறு நிலங்களின் மீன்கள் என்றாலும் வாழும் முறை ஒன்று. இரண்டுக்கும் காற்றைச் சுவாசிக்க உதவும் தனி உறுப்பு உண்டு. இரண்டும் மேற்பரப்புக்கு வந்துதான் ஆக வேண்டும். இரண்டின் ஆண்களும் நீர்மட்டத்தில் குமிழிக் கூடு கட்டுகின்றன. சிவப்பும் நீலமும் இரண்டிலும் பளிச்சிடுகின்றன. இரண்டடி ஆழத் தொட்டி வாங்கினாலும் அவை சண்டையிடப்போவது மேலே உள்ள நான்கு அங்குலத்துக்காக. அந்த நான்கு அங்குலத்தை விட்டு விலகினால் மூச்சு முட்டும் என்பதால் தோற்றவருக்கு ஒதுங்கும் வழியே இல்லை. மிதக்கும் செடிகள் அடர்ந்த பெரிய தொட்டிகளில் சில வீடுகளில் இது நடந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

மிரட்டலுக்கு இடம் வேண்டும்

இந்தத் தொட்டிப் பிரச்சினை முழுவதையும் ஒரே ஜோடியில் காட்டச் சொன்னால், மத்திய அமெரிக்காவின் ஃபயர்மவுத்தையும் கன்விக்ட்டையும் காட்டுவேன். இரண்டும் சிக்லிட்கள், இரண்டும் தரைக்காரர்கள், இரண்டிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையையும் குஞ்சுகளையும் காக்கும். அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கடையில் பார்த்தால் மிகப் பொருத்தமான ஜோடியாகத் தெரியும்.

ஃபயர்மவுத்தின் ஆயுதம் அதன் தொண்டை. எதிராளி நெருங்கும்போது அது நேர் எதிரே வந்து நின்று செவுள் மூடிகளை விரிக்கும். தாடைக்குக் கீழே உள்ள சவ்வு சிவந்த பை போலத் தொங்கும். செவுள் மூடியின் கீழ்ப்பகுதியில் இருபுறமும் உள்ள கரும்புள்ளிகள் அப்போது முன்பக்கம் பார்த்துத் திரும்பி, இரண்டு பெரிய கண்களாகத் தெரியும். ஐந்து அங்குல மீன் சட்டென்று இரண்டு மடங்கு தலையோடு நிற்பதாக எதிராளிக்குப் படும். இன்னொரு ஃபயர்மவுத் என்றால் தானும் விரித்துக் காட்டி, பக்கவாட்டில் திரும்பித் துடுப்புகளை விறைத்து, வாலால் தண்ணீரை எதிராளி மேல் அடித்துத் தள்ளி, அளவை ஒப்பிட்டுப் பார்த்து, பெரும்பாலும் கடிக்காமலே விவகாரத்தை முடித்துக்கொள்ளும். அந்தச் சிவப்பு வெறும் அலங்காரம் இல்லை என்பதை 1990-களில் எவான்ஸும் நோரிஸும் உணவில் கரோட்டினாய்டு அளவை மாற்றிச் செய்த ஆய்வில் காட்டினார்கள். சிவப்பு கூடிய ஆணுக்கு மோதலில் மதிப்பு கூடுகிறது.

கன்விக்ட்டுக்கு இந்த மொழி அரைகுறையாகத்தான் புரிகிறது. சாம்பல் உடலில் கறுப்புப் பட்டைகள் கொண்ட இந்த மீன் ஒரு பூந்தொட்டித் துண்டுக்குள் முட்டையிட்டுவிட்டால், ஃபயர்மவுத் விரித்துக் காட்டும் தொண்டையைப் பார்த்து நிற்காது. நேராக வந்து பக்கவாட்டில் இடித்துக் கடிக்கும். பெண் கன்விக்ட் ஆணைவிடச் சிறியது, ஆனால் முட்டை இருக்கும் வாரத்தில் அதுவும் சளைத்ததில்லை. ஃபயர்மவுத் தன் இனத்தவரிடம் செய்வதுபோல ஓரடி பின்வாங்கி மறுபடி மிரட்டும். கன்விக்ட் அந்த ஓரடியையும் தன் எல்லையோடு சேர்த்துக்கொள்ளும். மூன்றடித் தொட்டியில் முட்டை பொரிந்து குஞ்சுகள் நீந்தத் தொடங்கும் நாளில், கன்விக்ட் ஜோடி தொட்டியின் முக்கால் பங்கைப் பிடித்திருக்கும். ஃபயர்மவுத்துகள் நீர்மட்டத்துக்கு அருகே, ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், தலை மேலே தூக்கியபடி ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் கோலம்தான் மீன் வளர்ப்பவர் கண்டுபிடிக்கக் கற்க வேண்டிய முதல் அறிகுறி. துடுப்புகள் உடலோடு ஒட்டிக் கிடக்கும், நிறம் வெளுத்திருக்கும், உணவு போட்டாலும் மூலையை விட்டு வராது. கடித்த காயம் இல்லாததால் "சண்டை நின்றுவிட்டது" என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். சண்டை நிற்கவில்லை, ஒரு தரப்பு ஒடுங்கிவிட்டது. ஓயாத அழுத்தத்தில் நோய் எதிர்ப்பு குறைந்து, வெண்புள்ளியோ பூஞ்சையோ பிடித்து, இரண்டு வாரத்தில் அந்த மீன் சாகும்போது காரணம் நோய் என்று எழுதப்படும்.

இதே இரண்டு இனங்களை ஐந்தடி, ஆறடித் தொட்டிகளில், நடுவில் பார்வையை மறைக்கும் கற்குவியலோடு வைத்து வெற்றி கண்டவர்கள் இருக்கிறார்கள். ஃபயர்மவுத் பின்வாங்கினால் கன்விக்ட்டின் கண்ணிலிருந்து மறைய அங்கே இடம் இருக்கிறது. மைடாஸ் சிக்லிட்களை வைத்து ரொனால்ட் ஓல்ட்ஃபீல்ட் 2011-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: வழக்கமான வீட்டுத் தொட்டி அளவுகளுக்குள் கொஞ்சம் கூட்டுவதாலோ குறைப்பதாலோ மூர்க்கம் மாறவில்லை, மிகப் பெரிய, மறைவிடங்கள் நிறைந்த இடத்தில்தான் குறைந்தது. இரண்டடியிலிருந்து இரண்டரை அடிக்கு மாறிவிட்டு "பெரிய தொட்டி வாங்கினேனே" என்று வருந்துகிறவர்களுக்கு இது கசப்பான செய்தி. தெரிந்துகொள்வது நல்லது.

சேரும் ஜோடி எப்படி இருக்கும்?

வெனிசுவேலா, கொலம்பியா சமவெளிகளின் ராம் மீனும், மேற்கு அமேசானின் அபிஸ்டோகிராம்மா ககடுவாய்டஸும் எல்லைக்காரர்கள்தான். ஆனால் அவை கேட்கும் நிலம் வேறு. ராம் திறந்த இடத்தில், தட்டையான கல் மேல் அல்லது மணலில் தோண்டிய பள்ளத்தில் முட்டையிடும். அப்பாவும் அம்மாவும் காவல். அபிஸ்டோ பெண் ஒரு சிறு குகைக்குள் போய், அதன் கூரையில் முட்டைகளை ஒட்டவைக்கும். காவல் பெரும்பாலும் பெண்ணுடையது, ஆண் பல குகைகளைச் சுற்றி வருவான். முட்டை காக்கும் அபிஸ்டோ பெண் பளிச்சென்ற மஞ்சளுக்கு மாறி, தன்னைவிட ஒன்றரை மடங்கு பெரிய ஆணையே துரத்தும். அதன் ஆவேசம் குகை வாசலிலிருந்து ஏறக்குறைய ஓரடிக்குள் அடங்கிவிடும்.

நான்கடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் ஒரு முனையில் திறந்த மணலும் தட்டைக் கல்லும், மறுமுனையில் தேங்காய்ச் சிரட்டைக் குகைகளும் இலைச் சருகும், நடுவில் செடிப் புதரும் வைத்தால், இவை அவரவர் பக்கத்தில் குடியேற நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டும் மென்மையான, வெதுவெதுப்பான நீரின் மீன்கள். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி ஹீட்டர் கூடத் தேவைப்படாது. உப்பும் கடினத்தன்மையும் கூடிய போர்வெல் தண்ணீர்தான் இடையூறு. குகைகளைப் பெண்களின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாக வைக்க வேண்டும். வாசல்கள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது.

தொட்டி வாங்கும்போது லிட்டரை மட்டும் கேட்பது பழக்கமாகிவிட்டது. தரைக்கார மீனுக்கு லிட்டர் அர்த்தமற்றது. இரண்டுக்கு ஓரடித் தொட்டியின் தரை 2 சதுர அடி. நான்குக்கு ஒன்றரை அடித் தொட்டியின் தரை 6 சதுர அடி. நீளம் இரண்டு மடங்கு, நிலம் மூன்று மடங்கு. அதே காசுக்கு உயரமான தொட்டி வாங்கினால் கண்ணுக்கு அழகு, மீனுக்கு ஒரு சதுர அங்குலமும் கூடாது. இந்த அளவுத் தொட்டியில் ஒன்றரை அடி உயரத்துக்கு நீர் நிரப்பினால் ஏறக்குறைய 250 லிட்டர், மணலும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். மாடி வீட்டில் எந்தச் சுவரோரம் வைப்பது என்பதை மீன் வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

மலாவி ஏரியின் மபூனா வகைச் சிக்லிட்களை வளர்ப்பவர்கள் நேர் எதிரான வழியைக் கையாள்கிறார்கள். கல்லை அடுக்கி, மீன்களை வேண்டுமென்றே நெருக்கமாக விட்டு, எவனும் ஓரிடத்தைத் தக்கவைக்க முடியாமல் செய்துவிடுகிறார்கள். அடி ஒருவர் மேல் மட்டும் விழாமல் பங்கு பிரிகிறது. இதைப் பார்த்து மற்ற மீன்களையும் நெருக்கி வைக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒரு முக்கியமான வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். மபூனா பெண் முட்டைகளை வாயில் சுமந்து திரியும். காக்க வேண்டிய கூடு தரையில் கிடையாது. கன்விக்ட் போலத் தரையில் குடும்பம் நடத்தும் மீனை நெருக்கினால், முட்டையிட்ட அன்றைக்கே அந்த ஏற்பாடு உடையும். மபூனாவுக்குக்கூட இரட்டை வலு உள்ள ஃபில்டரும் விடாமல் தண்ணீர் மாற்றும் கைகளும் இருந்தால்தான் அது சரிப்படும்.

நடுத்தண்ணீரில் நீந்தும் வேகமான சிறு மீன் கூட்டம் ஒன்றைச் சேர்ப்பது இன்னொரு வழி. "டிதர்" என்ற இந்த யோசனையை 1968-இல் ஆய்வுலகில் எழுதிவைத்தவர் ஜார்ஜ் பார்லோ. சிக்லிட்களின் பயம் குறைந்து அவை இயல்பாக வெளியே வருவதற்காக அவர் பரிந்துரைத்தது அது. மேலே சிறு மீன்கள் நிம்மதியாகத் திரிந்தால், ஆபத்தில்லை என்று கீழே உள்ளவர் புரிந்துகொள்கிறார். தென்னிந்திய, இலங்கை ஓடைகளின் ஜெயண்ட் டேனியோ இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. அதன் வேகத்தில் ஒரு சிக்லிட்டும் அதைப் பிடிக்காது.

நம் உப்பங்கழியின் சாட்சி

இரண்டு இனங்கள் "சேருமா, சேராதா" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கேட்பது ஏன் போதாது என்பதற்கு நம் கடற்கரையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஆசியாவின் சிக்லிட்கள் மிகச் சில. அவற்றில் பெரியது கரிமீன். கேரளம் 2010-இல் மாநில மீனாக அறிவித்தது, நாம் வறுவலாகவும் அறிந்தது. சிறியது பள்ளத்தி. இரண்டும் உப்பங்கழிகளிலும் அவற்றையொட்டிய நன்னீரிலும் சேர்ந்து வாழ்கின்றன, இரண்டும் முட்டையிடும் காலத்தில் எல்லை காப்பவை.

இலங்கையில் இம்மீன்களை ஆராய்ந்த ரிச்சர்ட் வைமனும் ஜாக் வார்டும் 1972-இல், பள்ளத்திகள் கரிமீனின் உடலையும் துடுப்புகளையும் கொத்திச் சுத்தம் செய்கின்றன என்று பதிவுசெய்தார்கள். கரிமீன் அதற்கு அசையாமல் இடம் கொடுக்கிறது. கடற்பவளப் பாறைகளில் புகழ்பெற்ற துப்புரவு உறவு, கலங்கிய கழிமுகத்தில். அதே பள்ளத்திதான் கரிமீன் முட்டையிடும்போது அந்த முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்ன வருகிறது. வார்டும் சமரக்கோனும் 1981-இல் எழுதிய கட்டுரையில் கரிமீனின் பெற்றோர்க் காவலை அவர்கள் விளக்கும்போது இந்தத் திருட்டுக்கும் இடம் உண்டு. ஒரு வாரம் பணியாள், அடுத்த வாரம் கொள்ளைக்காரன். மீன் மாறவில்லை, கரிமீன் கையில் இருந்தது மாறியது.

இவற்றைத் தொட்டியில் சேர்க்க விரும்புகிறவர்கள் இந்த இரு முகங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். பள்ளத்தி மூன்று அங்குலத்தோடு நிற்கும். கரிமீன் ஓரடியை நெருங்கும், கூட்டமாக வைக்காவிட்டால் மிரண்டு கண்ணாடியில் முட்டும். ஆறடிக்குக் குறைந்த தொட்டியில் கரிமீன் கூட்டத்தை வைப்பது நியாயமில்லை. சற்று உப்புக் கலந்த நீரில் இரண்டும் நன்றாக இருக்கும். இனப்பெருக்கம் இல்லாத காலத்தில் துப்புரவுக் காட்சி கிடைத்தால் அது பெரும் பேறு. கரிமீன் ஜோடி சேர்ந்து ஒரு கல்லைத் துடைக்கத் தொடங்கினால் பள்ளத்திகளை வேறு தொட்டிக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

பிரிக்க வேண்டி வந்தால்

எல்லாம் சரியாகச் செய்தும் சில ஜோடிகள் ஒத்துவராது. ஒரே இனத்திலும் ஆளுக்கு ஆள் சுபாவம் வேறுபடும் என்பதால் எந்தப் பொருத்தப் பட்டியலும் கடைசி வார்த்தை ஆகாது. ஃப்ளவர்ஹார்ன் மட்டும் ஏறக்குறைய விதிவிலக்கே இல்லாதது. 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட அதைத் தனியாகத்தான் வளர்க்க வேண்டும். துணைக்கு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கும் ஆசையை விட்டுவிடலாம்.

துரத்தல் இரண்டு மூன்று நாளில் எல்லைக்கோட்டோடு நிற்கத் தொடங்கினால் காத்திருக்கலாம். துரத்துபவர் தன் பகுதியைத் தாண்டி வந்து ஒதுங்கியவரைத் தேடிப்பிடித்து அடித்தால் காத்திருப்பது கொடுமை. பிளாஸ்டிக் வலைத் தடுப்பு உடனடி உதவி. சண்டைக்காரர் யாரோ, அவரை வெளியே எடுத்து ஒரு வாரம் வேறிடத்தில் வைத்துவிட்டுத் திரும்ப விட்டால், குடியிருந்தவர் என்ற சாதகம் அவருக்குப் போய்விடும். இது பல நேரம் பலிக்கிறது. அடி வாங்கியவரை எடுத்து மறுபடி விடுவது எதிர்விளைவையே தரும். அவர் இம்முறை புதியவராக வேறு நுழைவார்.

பிரித்த மீனை ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, வளர்ந்ததும் வெளியே விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழக நீர்நிலைகளில் பெருகி வலைகளைக் கிழிப்பதை மீனவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். மூர்க்கமான ஒரு சிக்லிட் ஜோடி நம் குளத்தில் கூடு கட்டினால், அதனிடம் தோற்கப்போவது அங்கே பிறந்த மீன்கள். கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம், வளர்ப்பவர்களிடம் மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான கடைகள் உயிரோடும் நலத்தோடும் வரும் மீனை வாங்கிக்கொள்ளும், விலைதான் கிடைக்காது.

எனவே எல்லைக்கார மீன்கள் இரண்டை வாங்குகிறவர் முதல் நாளிலேயே இரண்டாவது தொட்டி ஒன்றையும் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டடித் தொட்டி போதும், அது காலியாகவே கிடக்கலாம். முக்கியம், பெரிய தொட்டியின் மூலையில் கூடுதலாக ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை எப்போதும் ஓடவிட்டு வைப்பது. அதில் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியேறியிருக்கும். இரவு பத்து மணிக்கு ஒரு மீன் மூலையில் தலை தூக்கி நிற்பதைப் பார்த்தால், பெரிய தொட்டித் தண்ணீரையே பாதி எடுத்துச் சிறிய தொட்டியில் ஊற்றி, அந்த ஃபில்டரைக் கசக்கிப் பிழியாமல் அப்படியே மாற்றி, மீனை அன்றிரவே இடம் மாற்றிவிடலாம். மறுநாள் கடை திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.